இரண்டாயிரம் ரூபாய் டியூப் சைக்கிளை வேகமாக்குமா?

தருமபுரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரிடம் 700×28 அளவு டயர் பூட்டிய, அலுமினியச் சட்டமும், சக்கரத்தின் வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கும் கொண்ட ஒரு ரோடு சைக்கிள் இருக்கிறது. வார நாட்களில் இண்டூர்வரை வேலைக்குப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வத்தல்மலைக்கோ ஒகேனக்கலுக்கோ போகிறார். மலையேற்றத்தில் எப்போதும் பின்தங்கிவிடுவதால், ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள, டி.பி.யு. என்ற நெகிழியாலான டியூப்களை இரு சக்கரங்களுக்கும் வாங்கிப் போட எண்ணுகிறார். வாங்கலாமா, அல்லது வீண் செலவா என்பது அவரது ஐயம்.

ஏற்றத்தில் நேரத்தைக் குறைப்பதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அந்த வகை டியூபே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வாங்குவதற்குப் பதிலாக ஒன்று மட்டும் வாங்கி, அதைச் சக்கரத்தில் பூட்டாமல் இருக்கைக்குக் கீழுள்ள பையில் மாற்று டியூபாக வைத்துக்கொள்வது நல்ல செலவு. ஏன் இப்படித் தலைகீழாகச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

சந்தையில் கிடைக்கும் டியூப்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனவை. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் கறுப்பு டியூப், உள்நாட்டுத் தயாரிப்பானாலும் வெளிநாட்டுத் தயாரிப்பானாலும், பியூட்டைல் ரப்பரால் ஆனது. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய இந்தச் செயற்கை ரப்பரின் பெருஞ்சிறப்பு, அது காற்றை எளிதில் கசியவிடாது என்பதுதான். அதற்கு முன்பு டியூப்கள் இயற்கை ரப்பராலேயே செய்யப்பட்டன. இரண்டாவது லேட்டக்ஸ் டியூப், அதாவது அந்தப் பழைய இயற்கை ரப்பரின் மெல்லிய வடிவம். மூன்றாவதுதான் நண்பர் கேட்கும் டி.பி.யு., தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன் என்ற நெகிழியின் சுருக்கப் பெயர். ஆஸ்திரிய நிறுவனமான டியூபோலிட்டோவின் ஆரஞ்சு நிற டியூப்கள் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. பிறகு ஷ்வால்பே, பிரெல்லி போன்ற பெரிய நிறுவனங்களும் பல சீன நிறுவனங்களும் வந்து சேர்ந்துகொண்டன. சீனத் தயாரிப்புகளின் விலை ஐரோப்பியத் தயாரிப்புகளின் விலையில் பாதிக்கும் குறைவாக இருப்பதால், இன்று டி.பி.யு. என்றாலே கைக்கெட்டாத விலை என்று சொல்லிவிட முடியாது.

எடையைப் பார்ப்போம். 28 மில்லிமீட்டர் டயருக்கான சாதாரண பியூட்டைல் டியூப் ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் இருக்கும். மெல்லிய சுவர் கொண்ட பியூட்டைல் 75 கிராம் அளவுக்கு இறங்கும். லேட்டக்ஸும் ஏறக்குறைய அதே எடைதான். டி.பி.யு. 40 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆக ஒரு சக்கரத்துக்குச் சுமார் 75 கிராம், இரண்டுக்கும் சேர்த்து 150 கிராம் மிச்சமாகிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு மலைப்பாகத்தான் இருக்கும். பாதிக்கும் குறைவான எடை என்று விளம்பரத்தில் எழுதுவதும் பொய்யில்லை. ஆனால் மலைமேல் ஏறுவது டியூப் மட்டுமன்று. ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து ஏறுகின்றன.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றும், ஏற்றத்தின் உயரம் 500 மீட்டர் என்றும், ஓட்டுபவர் இடைவிடாமல் 150 வாட் திறனைத் தருகிறார் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பந்தயக்காரர் அல்லாத, ஆனால் தவறாமல் ஓட்டும் ஒருவருக்கு 150 வாட் பொருத்தமான அளவுதான். 80 கிலோவை 500 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 3,92,000 ஜூல் வேண்டும். அதை 150ஆல் வகுத்தால் 43 நிமிடங்களுக்குச் சற்று மேல் வருகிறது. அதே உயரத்துக்கு 150 கிராமை ஏற்றாமல் விட்டால் மிச்சமாவது 736 ஜூல்; நேரத்தில் சொன்னால் ஐந்து நொடி. நான்காயிரம் ரூபாய்க்கும் மேல் செலவழித்து, முக்கால் மணி நேர ஏற்றத்தில் ஐந்து நொடியை வாங்குகிறோம். அடிவாரத்தில் பாட்டிலிலிருந்து சில மிடறு தண்ணீரைக் கூடுதலாகக் குடித்துவிட்டு ஏறினால் சைக்கிளின் எடை இதே அளவு குறைந்துவிடும், அந்தத் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் எங்காவது மறைந்துவிடுமானால்.

இங்கே ஒரு மறுப்பு வழக்கமாக எழும். சக்கரத்தின் ஓரத்திலுள்ள எடை சுழலும் எடை, ஆகவே அது இரு மடங்காகக் கணக்கில் வரும் என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. விளிம்பிலுள்ள ஒரு பொருள் சக்கரத்தோடு சேர்ந்து முன்னேயும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. எனவே வேகத்தைக் கூட்டும்போது அதற்கு இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. ஆனால் சீரான வேகத்தில் மலையேறும்போது இந்த இரு மடங்குக்கு வேலையே இல்லை. புவியீர்ப்பு அந்த எடை சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகும்போதுகூட, 150 கிராமை 300 கிராமாகவே எண்ணினாலும், மிச்சமாவது ஏறத்தாழ 10 ஜூல். மொத்தச் செலவோ 2,800 ஜூலை ஒட்டியது. 150 வாட் தருபவருக்கு இது நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒவ்வொரு மிதியிலும் சக்கரம் சற்றே வேகமெடுத்துச் சற்றே தளர்கிறதே என்று இன்னும் நுணுக்கமாக வாதிடுபவர்களும் உண்டு. வேகமெடுக்கும்போது சக்கரத்துக்குள் போன ஆற்றல், தளரும்போது திரும்பி வந்துவிடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இலகுவான சக்கரம் 'துள்ளுகிறது' என்ற உணர்வை நான் மறுக்கவில்லை. உணர்வுக்குக் காசு கொடுப்பதும் தவறில்லை. அது உணர்வுக்கான விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடையை விட்டுவிட்டால், விலையுயர்ந்த டியூப்களுக்கு உண்மையான ஒரு பயன் இருக்கிறது. அதைப் பற்றி விற்பவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, தொடர்பு விட்டதும் மீண்டும் வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரும் அதன் உள்ளேயுள்ள டியூபும் மடிந்து நிமிர்கின்றன. மடிக்கச் செலவான ஆற்றலை ரப்பர் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. பியூட்டைல் இந்த விஷயத்தில் சோம்பேறி. லேட்டக்ஸ் மெல்லியது, மிகுந்த மீள்தன்மை உடையது. ஆகவே அதில் இழப்பு குறைவு. உருளைமேல் டயரை ஓட்டிச் செய்யப்பட்ட சோதனைகளில், மணிக்கு 29 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், பியூட்டைலுக்குப் பதில் லேட்டக்ஸ் போடும்போது ஒரு டயருக்கு இரண்டு வாட் அளவுக்கு மிச்சமாவதைக் காணலாம். தரமான டி.பி.யு. டியூப்கள் இரண்டுக்கும் இடையில், சில லேட்டக்ஸுக்கு நெருக்கமாக, நிற்கின்றன. இரு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு வாட் என்றே தாராளமாக வைத்துக்கொண்டால், சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு ஏறத்தாழ முக்கால் நிமிடம் மிச்சமாகும். ஆக மலைக்காக வாங்க நினைத்த டியூப் உண்மையில் சமதளத்தில்தான் அதிகம் உதவுகிறது.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. டியூபை மாற்றினால் ஒரு டயருக்கு இரண்டு வாட். டயரையே மாற்றினால் பத்து வாட் வரை வேறுபாடு வரும். கான்டினென்டல் ஜிபி 5000 போன்ற மெல்லிய உறை கொண்ட பந்தய டயருக்கும், அதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் போன்ற தடித்த காப்பு டயருக்கும் இடையில் அத்தனை வாட் இருக்கிறது. சைக்கிளோடு வந்த மலிவான, கம்பி விளிம்பு கொண்ட டயரும் பெரும்பாலும் மெதுவான பக்கத்தில்தான் சேரும். அதற்குள் இரண்டாயிரம் ரூபாய் டியூபைப் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கையில் நான்காயிரம் ரூபாய் இருந்தால் அதை முதலில் டயரில் போடுங்கள்.

எந்த டயர் என்று அடுத்து கேட்பீர்கள். அங்கேதான் நம் மாவட்டங்களின் சாலைகள் குறுக்கே வருகின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் சாலையோரங்களில் படரும் நெருஞ்சியின் காய் காய்ந்து ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கூரிய முள்கள் இருப்பதால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். உலகின் பல பாகங்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் அஞ்சும் செடி அது. சீமைக்கருவேல முள் அதைவிட நீளம். காட்டோர வேலிக்கு வெட்டி இழுத்துப் போன வழியெங்கும் சிதறிக் கிடக்கும். தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரத்தில் முள்ளைவிடக் கொடியது ஒன்று உண்டு: வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் ஓடும் வழித்தடங்களிலும் இதே தொல்லைதான். அந்தக் கம்பி டயரில் குத்தி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றிய பின்னும் உள்ளேயே இருந்து புதிய டியூபையும் துளைக்கும். டியூபை மாற்றும்போது டயரின் உட்புறத்தைப் பஞ்சாலோ மெல்லிய துணியாலோ ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். (தொப்பூர் கணவாயில் சைக்கிளில் இறங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிரேக் பிடிக்காத லாரிகளால் பெயர்பெற்ற அந்தச் சாலையில் பஞ்சரைப் பற்றி மட்டும் கவலைப்படுவது போதாது, தவிர்த்துவிடுங்கள்.)

இந்த முள்ளும் கம்பியும் டயரைத் தாண்டிவிட்டால், உள்ளே இருப்பது நூறு ரூபாய் டியூபா, மூவாயிரம் ரூபாய் டியூபா என்று பார்ப்பதில்லை. டி.பி.யு. துளையை நன்றாகத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது ஆய்வகத்து மழுங்கல் ஊசிக்குப் பொருந்தலாம். லாரி டயர்க் கம்பிக்குப் பொருந்தாது. எனவே வேலைக்குப் போய்வரும் சைக்கிளுக்கு, இரண்டு மூன்று வாட் போனாலும் பரவாயில்லை என்று, முள் தடுப்புப் பட்டை கொண்ட இடைநிலை டயர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். சைக்கிள் சட்டத்தில் இடமிருந்தால் 30 அல்லது 32 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போகலாம். அகலம் கூடினால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம். ஊருக்கு ஊர் வண்ணம் பூசாமல் கிடக்கும் வேகத்தடைகளில் ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழுவதும் குறையும்.

இனி டி.பி.யு.வைச் சக்கரத்தில் பூட்டுவதில் உள்ள சிக்கல்கள். முதன்மையானது ஒட்டுப் போடுவது. தருமபுரியிலோ பென்னாகரத்திலோ பஞ்சர் கடையில் டியூபைக் கொடுத்தால், தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார்கள், அல்லது சூட்டு இயந்திரத்தில் வைத்து அழுத்துவார்கள். சொல்யூஷன் ரப்பரோடு வேதிமுறையில் பிணைவதற்காகச் செய்யப்பட்டது, நெகிழியான டி.பி.யு.வில் அது பிடிக்காது, காற்றடித்ததும் உரிந்துவிடும். சூட்டு ஒட்டு அதைவிட மோசம்: டி.பி.யு. சூடானால் இளகும் பொருள். இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது சுருங்கி ஒட்டிப்போயிருந்த ஒரு டியூபை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்மேல் குற்றமே இல்லை, அவர் கையில் கொடுக்கப்பட்டது ரப்பர் என்றுதான் அவர் நினைத்தார். இதற்கென்று தனி ஒட்டுகள் விற்கப்படுகின்றன. ஆல்கஹால் துடைப்பானால் நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, அழுத்தி ஒட்டிச் சற்று நேரம் பொறுத்துக் காற்றடிக்க வேண்டும். வீட்டு மேசையில் இது நன்றாகவே நடக்கும். வியர்வையும் புழுதியுமாக வெயிலில் சாலையோரத்தில் நிற்கும்போது நடப்பது அரிது.

அடுத்தது வெப்பம். பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ரிம் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். சில டி.பி.யு. டியூப்கள் டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றை ரிம் பிரேக்குக்கும் அனுமதித்திருப்பார்கள். உங்களுடையது ரிம் பிரேக் என்பதால் இதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. லேட்டக்ஸும் கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும் சேர்ந்த கூட்டணியும் இதே காரணத்தால் ஆபத்தானது. பலர் பயப்படுகிற வெயில் உண்மையில் அவ்வளவு பயப்படத்தக்கதன்று: காலையில் 25 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெயிலில் நின்று 60 டிகிரிக்குச் சூடேறினாலும் 91 பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் போகும். நிறுத்திய இடத்தில் டயர் வெடித்தது என்றால் பெரும்பாலும் பொருத்தும்போதே டியூப் டயர் விளிம்பின் அடியில் சிக்கியிருக்கும், அல்லது ரிம்மின் உட்புறத்தை மூடும் டேப் நகர்ந்து ஆரக்கம்பித் துளை திறந்திருக்கும்.

மூன்றாவது, டி.பி.யு. ரப்பர்போல் விரிந்து பழைய நிலைக்குத் திரும்பாது. டயருக்கு வெளியே வைத்து ஊதிப் பார்ப்பவர்கள், வடிவம் வரும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; பஞ்சர் கடைத் தொட்டியில் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தில் பலூனாக ஊதினால் டியூப் பாழ். ஒரு முறை அகலமான டயரில் கிடந்து விரிந்ததை மெல்லிய டயருக்கு மாற்றினால் மடிப்பு விழும். வால்வின் தண்டு பல தயாரிப்புகளில் நெகிழியால் ஆனது. இப்போது எல்லோரும் வாங்குகிற சிறிய மின்பம்பின் முனை சில நிமிடங்களில் நன்றாகச் சூடேறுவதால், அதை நேரடியாக மாட்டினால் தண்டு இளகிக் கசியத் தொடங்கும். இடையில் ஒரு குட்டைக் குழாயைப் பயன்படுத்தினால் இது வராது.

லேட்டக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு இனிமையானது, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் காற்றடிக்க வேண்டும். காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அது தண்டனை. டியூப்லெஸ் முறை நெருஞ்சிக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும், துளையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் திரவம் நம் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நிரப்பவும் வேண்டும். உங்கள் பழைய ரிம்முக்கு அது பொருந்தாது என்றே எண்ணுகிறேன்.

இத்தனை குறை சொன்ன பிறகும் பையில் ஒரு டி.பி.யு. வைக்கச் சொல்வதன் காரணம், அந்தக் குறைகளில் பெரும்பாலானவை மாற்று டியூபுக்குப் பொருந்தாது என்பதே. மடித்தால் அது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அளவில் அடங்குகிறது. சாதாரண டியூப் ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டு வைக்கலாம், அல்லது மிச்ச இடத்தில் டயரைக் கழற்றும் லீவரும் ஒட்டும் வைக்கலாம். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுச் சாலையில் பஞ்சரானால் அருகில் கடையும் இருக்காது, பல இடங்களில் போனும் எடுக்காது. யானை நடமாடும் இடத்தில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைவிட டியூபை மாற்றிக்கொண்டு கிளம்புவதே மேல். அங்கே மாற்று டியூப் ஒன்று கையில் இருப்பதன் மதிப்பு ஐந்து நொடியைவிட மிகப் பெரியது. வீடு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பியூட்டைலை ஒட்டி மறுபடி பூட்டிக்கொள்ளலாம். இந்தப் பயன்பாட்டுக்கு விலை குறைந்த சீன டி.பி.யு.வே போதும், ரிம் பிரேக்குக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டால்.

வாங்கும்போது வால்வின் நீளம் உங்கள் ரிம் உயரத்தைவிடக் குறைந்தது 15 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வோடுதான் வரும். பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் உள்ள காற்றுக்குழாய் அதற்குப் பொருந்தாது என்பதால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை மாற்று முனை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கடைக் குழாயின் அழுத்தம் ஒரே வீச்சில் ஏறிவிடும், ஆகவே அதில் சிறிது சிறிதாகவே அடிக்க வேண்டும். வாங்கியதும் ஒரு முறை சக்கரத்தில் பூட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள்; வால்வு ஒட்டிய இடத்தில் கசிவது புதிய டியூபிலும் நேரும், அதை அஞ்செட்டியில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடித்து மாற்றிக்கொள்வது எளிது. பிறகு காற்றை முழுவதும் இறக்கி, பழைய காலுறை ஒன்றில் சுற்றிப் பையில் வையுங்கள்; வெறுமனே வைத்தால் லீவரும் சாவிகளும் மாதக்கணக்கில் உராய்ந்து, பயன்படுத்தும் முன்பே அதில் துளை போட்டுவிடும்.